வீட்டுக்கு ஒரு போன்: ஆணவ வன்முறையைக் கையாளக் காவலர்களுக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?

இரவு 9 மணி. 19 வயதுப் பெண் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷன் படியேறி வருகிறாள். தோளில் காலேஜ் பை, முகமெல்லாம் வியர்வை. "வீட்டுக்குப் போனா என்னைக் கொன்னுடுவாங்க சார்" என்கிறாள். பணியில் இருக்கும் எஸ்.ஐ. நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கும் அதே வயதில் ஒரு மகள். உட்காரச் சொல்கிறார், டீ வாங்கிவரச் சொல்கிறார். பிறகு, "பயப்படாதம்மா, அப்பா நம்பரைச் சொல்லு, நான் பேசுறேன்" என்று போனை எடுக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த போனைப் பற்றியது. வழிதவறி வந்த குழந்தைக்கும், பரீட்சையில் தோற்று வீட்டைவிட்டு ஓடிவந்த பையனுக்கும் அது உதவி. இந்தப் பெண்ணுக்கு அதுவே ஆபத்து. அவள் எங்கே இருக்கிறாள், யாரிடம் என்ன சொன்னாள் என்ற இரண்டு தகவலும் தேடுகிறவர்கள் கைக்கு அந்த நொடியில் போய்விடும். ஆணவ வன்முறை பற்றிய பயிற்சியில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். இரக்கத்தாலும் பழக்கத்தாலும் செய்கிற சிலவற்றை மறக்க வேண்டியிருப்பதுதான் பெரிய வேலை.

பெயரில் ஒரு சிக்கல்

குடும்ப மானம், சாதி மானம் என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்குப் பிரிட்டன் காவல்துறை ஒரே தலைப்பு வைத்திருக்கிறது. மிரட்டல், கட்டாயக் கல்யாணம், கொலை எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழில் முதலில் 'கௌரவக் கொலை' என்று எழுதினோம். கொலையில் என்ன கௌரவம் என்ற கேள்விக்குப் பிறகு 'ஆணவக் கொலை' நிலைத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தச் சொல் கொலையில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய படிகளுக்கு நம்மிடம் பெயரே இல்லை. போனைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, அறையில் வைத்துப் பூட்டுவது, பாட்டி ஊருக்கு அனுப்புவது, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, "நீ போனா நாங்க எல்லாரும் மருந்து குடிச்சிருவோம்" என்று அம்மா அழுவது, பையன் வீட்டுக்கு ஆள் அனுப்புவது. தனித்தனியாகப் பார்த்தால் இவை 'குடும்ப விவகாரம்'. வரிசையாக அடுக்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியும். இந்த வரிசை முழுவதையும் இங்கே ஆணவ வன்முறை என்று குறிக்கிறோம்.

சாதாரணக் குடும்ப வன்முறையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? கணவன் அடிக்கிறான் என்ற வழக்கில் பெரும்பாலும் குற்றவாளி ஒருவன். பிறந்த வீடு அடைக்கலமாகும். இங்கே பிறந்த வீடுதான் ஆபத்து. ஆட்களும் பலர். முடிவெடுப்பவர் ஒருவர், அழுது கூப்பிடுபவர் இன்னொருவர், காரோடு காத்திருப்பவர்கள் வேறு. சித்தப்பா, தாய்மாமன், அண்ணன், சில சமயம் கூலிக்கு வந்தவன். "கோபம் ஆறட்டும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்ற கணக்கும் இங்கே பொய்க்கும். நாள் ஆக ஆக ஊர்ப்பேச்சு கூடும். பேச்சு கூடக் கூட, 'ஏதாவது செய்' என்ற நெருக்கடியும் கூடும்.

இன்னொன்று: பாதிக்கப்படுவது பெண் மட்டும் என்ற எண்ணம். தமிழ்நாட்டில் பையன் தலித்தாகவும் பெண் வேறு சாதியாகவும் இருந்தால், பல வழக்குகளில் முதலில் வெட்டப்பட்டது பையன்தான். 2015-இல் கோகுல்ராஜ், 2016-இல் உடுமலைப்பேட்டை சங்கர், 2025-இல் பாளையங்கோட்டையில் கவின். இதை மகளிர் காவல் நிலையங்களுக்கு மட்டுமான பாடமாக வைத்தால், பையன் புகார் கொடுக்கப் போகிற ஸ்டேஷனில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தன்பாலின இணையருக்கும் திருநர்களுக்கும் வீட்டிலிருந்து வரும் மிரட்டலும் இந்த வகைதான். 2021-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. அப்படிப்பட்ட இணையரைப் பற்றிக் 'காணவில்லை' என்று புகார் வந்தால், இருவரும் வயது வந்தவர்கள், விரும்பியே சேர்ந்திருக்கிறார்கள் என்று வாக்குமூலம் பெற்றதும் புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்றது.

உடைந்த ஜன்னல்

பிரிட்டனில் இந்தப் பயிற்சி பற்றிப் பேசினால் பனாஸ் மஹ்மூத் பெயர் வராமல் போகாது. ஈராக்கியக் குர்திஷ் குடும்பம், தெற்கு லண்டன், வயது 20. கொடுமைக்காரக் கணவனைவிட்டு வந்தவள், வேறொருவரைக் காதலித்தாள். தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று பலமுறை போலீசிடம் போனாள். யார் யார் என்று பெயர்களை எழுதியே கொடுத்தாள். 2005-ஆம் ஆண்டின் கடைசி இரவில் அப்பாவே அவளுக்கு மது கொடுத்துக் கொல்ல முயன்றபோது, கையால் ஜன்னலை உடைத்துத் தப்பித்தாள். விசாரித்த பெண் காவலர் அவள் நாடகமாடுவதாக நினைத்தார். ஜன்னலை உடைத்ததற்காக அவள் மீதே வழக்குப் போடலாமா என்றுகூட யோசித்தார்.

2006 ஜனவரி 24 அன்று பனாஸ் கொல்லப்பட்டாள். மூன்று மாதம் கழித்து, பர்மிங்ஹாமில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், சூட்கேஸில் அடைத்துப் புதைக்கப்பட்ட உடல் கிடைத்தது. அப்பாவும் சித்தப்பாவும் 2007-இல் தண்டிக்கப்பட்டார்கள். ஈராக்குக்குத் தப்பிய இருவரைப் பிடித்துக் கொண்டுவந்து 2010-இல் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். பிந்தைய புலனாய்வு நேர்த்தியாக நடந்தது. நாம் பார்க்க வேண்டியது முந்தைய வாரங்களை.

அதில் இரண்டு பாடங்கள். ஒன்று, ஜன்னல். குடிவாடை, கலைந்த தலை, உடைந்த கண்ணாடி, முன்னுக்குப் பின் முரணான பேச்சு: இதையெல்லாம் பார்த்தால் போலீஸ் மனசு 'சந்தேகம்' என்ற பக்கம் சாயும். உயிர்பயத்தில் ஓடிவருகிறவர் அப்படித்தான் வருவார். இரண்டாவது அதைவிடக் கடினம். கொலைக்கு முந்தைய நாள் போலீஸ் பாதுகாப்பான இடம் தர முன்வந்தது, அவள் மறுத்தாள். வீட்டில் அம்மா இருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று நம்பினாள். பாதிக்கப்பட்டவரே தன் ஆபத்தைக் குறைத்துச் சொல்வது இவ்வகை வழக்குகளில் சகஜம். "அந்தப் பொண்ணே வேணாம்னு சொல்லிட்டா" என்று டைரியில் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அடுத்து எப்போது, எந்த நம்பரில், எந்த அடையாள வார்த்தையோடு பேசுவது என்று முடிவு செய்யாமல் அவளை வெளியே விடக்கூடாது.

ஒரே ஒரு வாய்ப்பு

பிரிட்டன் வழிகாட்டு நெறிகளில் 'ஒரே வாய்ப்பு விதி' என்று ஒன்று உண்டு. வாய் திறந்து பேச அவருக்குக் கிடைத்தது இந்த ஒரு தடவையாக இருக்கலாம். கேட்பவருக்கும் காப்பாற்ற இந்த ஒரு தடவைதான். "நாளைக்குக் காலைல வாங்க, மேடம் வருவாங்க" என்றால் அந்த நாளை வராமலே போகலாம். அதனால் முதல் சந்திப்பிலேயே செய்து முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

தனியறை முதலில். கூட வந்தவர் அக்காவாகவே இருந்தாலும் வெளியே உட்காரட்டும். அவர் உதவிக்கு வந்தாரா, உளவுக்கு வந்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் குடும்பத்தார், பக்கத்து வீட்டார், அதே ஊர்க்காரர் யாரும் வேண்டாம். லண்டனில் ஒரு ஈழத்துப் பெண்ணுக்குத் தமிழ் மொழிபெயர்க்க வருகிறவர் அவள் அப்பாவோடு ஒரே கோயில் கமிட்டியில் இருப்பவராக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போனில் மொழிபெயர்த்தாலும் அவள் பெயரையும் ஊரையும் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லத் தேவையில்லை.

அடுத்து கேள்விகள். 'யார் அடித்தார்' என்று மட்டும் கேட்கும் படிவம் இங்கே பற்றாது. யாருக்கெல்லாம் பயப்படுகிறாய்? வீட்டில் முடிவெடுப்பது யார்? விஷயம் யார் யாருக்குத் தெரிந்துவிட்டது? இதற்கு முன் இந்தச் சொந்தத்தில் யாராவது இப்படிப் போய், திரும்பி வந்து, இறந்ததுண்டா? அக்கா தங்கைகள் வீட்டில் இருக்கிறார்களா? கல்யாணத் தேதி குறித்தாயிற்றா? பாஸ்போர்ட், ஆதார், சான்றிதழ் யாரிடம்? கர்ப்பமா? இந்த ஸ்டேஷனிலோ, தாலுகா ஆபீசிலோ, செல்போன் கடையிலோ சொந்தக்காரர் வேலை செய்கிறாரா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தகவல் கசிவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

கையில் இருக்கும் போனையும் பார்க்க வேண்டும். இருப்பிடம் காட்டும் வசதி, வீட்டாரோடு பகிர்ந்த கூகுள் கணக்கு, அண்ணன் பெயரில் வாங்கிய சிம், அப்பா நம்பருக்கு எஸ்.எம்.எஸ். போகும் வங்கிக் கணக்கு. காதலன் ஊருக்கு பஸ் ஏறி, வழியில் ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுத்தால், எந்த ஊர் ஏ.டி.எம். என்று அப்பா போனில் வந்து நிற்கும்.

பிறகு ஆவணம்: காயங்களின் படம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பெயர்கள், வண்டி எண்கள். மிரட்டல் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அப்போதே பிரதி எடுத்துவிட வேண்டும். பிறகு அழித்துவிடுவார்கள், சில சமயம் அவளே அழித்துவிடுவாள்.

செய்யவே கூடாதது சமரசம். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஊர்ப்பெரியவரை நடுவில் வைத்து, "இனிமே ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்குவது. நம் ஸ்டேஷன்களில் இதற்கு 'பேசி முடிச்சு விடறது' என்று பெயர். அந்தக் காகிதம் யாரையும் தடுக்காது. அவள் திரும்பி வரப்போகிறாள் என்ற உறுதியை மட்டும் வீட்டாருக்குத் தரும்.

தமிழ்நாட்டு ஸ்டேஷனில்

இங்கே வழக்கு பெரும்பாலும் தலைகீழாக வரும். முதலில் வருவது பெற்றோர்: "பொண்ணைக் காணோம்." அல்லது "கடத்திட்டான்", அல்லது "நகையோட போயிட்டா." புகார் வாங்கி விசாரிப்பது கடமை. ஆனால் கண்டுபிடித்த பிறகு, வயது வந்தவரை யாரிடமும் 'ஒப்படைக்க' முடியாது. அவர் பொருள் அல்ல. வயதுக்கு ஆதாரத்தைப் பாருங்கள், தனியாக வாக்குமூலம் வாங்குங்கள், தேவைப்பட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம்) 183-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்யுங்கள், அவர் போக விரும்பும் இடத்துக்கு அனுப்புங்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியது "பத்திரமாக இருக்கிறார்" என்பது மட்டும். ஊர், முகவரி, நம்பர் எதுவும் வேண்டாம். 18 வயது ஆகாதவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். அங்கும் வீட்டில் உள்ள ஆபத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

"பையனுக்கு 21 ஆகலை, கல்யாணம் செல்லாது, பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க" என்பது அடிக்கடி கேட்கும் தவறு. வயது வந்த இருவர் கல்யாணம் இல்லாமலும் சேர்ந்து வாழலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கேரளத்து வழக்கொன்றில் சொல்லியாயிற்று.

அதே 2018, மார்ச் 27 அன்று, சக்தி வாகினி என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத்தான் இந்தப் பயிற்சியின் பாடநூல் என்று சொல்ல வேண்டும். மாவட்டந்தோறும் எஸ்.பி., சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அடங்கிய தனிப் பிரிவு. 24 மணி நேர உதவி எண். தம்பதிக்குப் பாதுகாப்பு இல்லம், பெயரளவுக் கட்டணத்தில் முதலில் ஒரு மாதம், தேவைக்கேற்ப ஓராண்டு வரை. மிரட்டல் புகாரைக் கூடுதல் எஸ்.பி. நிலை அதிகாரி ஒரு வாரத்துக்குள் விசாரித்து அறிக்கை தருவது. வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிப்பது. தெரிந்தும் தடுக்காத அதிகாரி மீது துறை நடவடிக்கை. இதில் தனிப் பிரிவு யோசனை தமிழ்நாட்டிலிருந்து போனது. 2014-இல் உசிலம்பட்டி விமலாதேவி இறந்து, உடல் அவசரமாக எரிக்கப்பட்ட வழக்கில், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதே மூவரை வைத்து மாவட்டப் பிரிவு அமைக்கச் சொல்லியிருந்தது.

காகிதத்தில் இருப்பது ஸ்டேஷன் ரைட்டருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. புகார் வாங்குவது அவர். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் போட்டு அனுப்புவதா, வழக்காகப் பதிந்து எஃப்.ஐ.ஆர். போடுவதா என்பதும் பல இடங்களில் அவர் மேசையில்தான் நிர்ணயமாகும். 'இது எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, எதிர்த்தரப்பு அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். அப்போது புலனாய்வு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவரிடம் போக வேண்டும், 60 நாள் கெடு உண்டு. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரையே குற்றவாளியாக்கும்.

அது சும்மா மிரட்டல் என்று நினைப்பவர்களுக்குக் கண்ணகி – முருகேசன் வழக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். 2003 ஜூலையில், விருத்தாசலம் பக்கம், ஊர் பார்க்க இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. உள்ளூர்ப் போலீஸ் உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது இரு வீட்டாரும் தத்தம் பிள்ளையைக் கொன்றதுபோலக் காட்டி, முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிகளாக்கியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகே உண்மை வந்தது. 2021-இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இருவர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. 22 ஆண்டு இழுத்த வழக்கு, ஆனால் போலீஸ் வகுப்பறையில் இதைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

போலீஸ் மட்டும் போதாது

ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே வேறு யாராவது பார்த்திருப்பார்கள். திங்கட்கிழமை திடீரென்று காலேஜுக்கு வராமல் போனவளைப் பற்றி வகுப்பாசிரியருக்குத் தெரியும்; அவர் செய்வது வீட்டுக்கு போன் போட்டு "பொண்ணு ஒரு பையனோட பேசுறா, பாத்துக்கோங்க" என்பது. சாணிப்பவுடர் குடித்துக் கொண்டுவரப்பட்டவளை, அம்மா பக்கத்தில் நிற்க "ஏன் குடிச்சே" என்று கேட்கிறார் டாக்டர்; "வயித்துவலி" என்று பதில் வருகிறது. எக்ஸ்-ரே எடுக்கணும், உள்ளே அவங்க மட்டும் வரட்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிப் பிரித்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் 181 எண்ணையோ ஒருங்கிணைந்த சேவை மையத்தையோ வாய்மொழியாகச் சொல்லலாம். துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள், பையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திருமணப் பதிவு அலுவலகம் பெரிய ஓட்டை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. அலுவலகப் பலகையில் பெயர், முகவரியோடு ஒட்டுவார்கள். அதோடு விடாமல், சட்டம் கேட்காதபோதும் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. அது தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இலேயே சொன்னது. இந்துக்கள் இருவர் என்றால் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது, காத்திருப்பு இல்லை. இதைத் தெரிந்த எழுத்தர் ஒருவர் ஒரு மாதக் கண்டத்தைத் தவிர்த்துத் தரலாம்.

இறந்த பிறகு

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இளம் வயதில் தற்கொலை, அவசர எரியூட்டல், தண்டவாளத்தில் உடல், "காய்ச்சல்ல போயிட்டா": நான்கிலும் சாதி மாறிய உறவு இருந்ததா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கோகுல்ராஜ் உடல் ரயில் பாதையில் கிடந்தது, தற்கொலை போல. முக்கியச் சாட்சி பின்னர் பிறழ்சாட்சியானார். தண்டனை நின்றதற்குப் பெரிய தூண்களில் ஒன்று திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு. பல கேமராக்கள் சில வாரத்தில் பழையதை அழித்து மேலே பதியும்; அதனால் முதல் நாளே போய் எடுக்க வேண்டும். சாட்சி மாறுவார் என்று எடுத்துக்கொண்டே வழக்கைக் கட்டுவது நல்லது.

பயிற்சி எங்கே சொதப்புகிறது

2015 டிசம்பரில் இங்கிலாந்து – வேல்ஸ் காவல்துறைகளை அரசின் ஆய்வுக் குழு சோதித்தது. 43 படைகளில் எல்லா வகையிலும் தயாராக இருந்தவை மூன்று. பனாஸ் இறந்து ஒன்பது ஆண்டுக்கும் மேல் கடந்த பிறகு இந்த நிலை. ஒரு மணி நேர ஸ்லைடு, கடைசியில் கையெழுத்து, டீ, பிஸ்கட் என்று நடத்தினால் அப்படித்தான் ஆகும்.

இங்கே இன்னொரு தடை, வெளிப்படையாகப் பேச எல்லோரும் தயங்குவது: வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சாதி இருக்கிறது. "என் பொண்ணு இப்படிப் போனா நானும்…" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவரை அடக்கிவிடாமல் பேசவிடுவது மேல். அந்த வாக்கியம் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வந்தவர் முன்னால் வெளிப்படுவதைவிட இங்கே வெளிப்படட்டும். பிறகு அவரை விருத்தாசலம் வழக்குத் தீர்ப்பின் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லலாம்.

எங்கள் பரிந்துரை: 20 பேருக்கு மேல் வேண்டாம், ஒரு முழு நாள், ரைட்டரும் பாரா காவலரும் கட்டுப்பாட்டு அறை ஆட்களும் கட்டாயம். சட்டத்துக்குக் காலை இரண்டு மணி நேரம் போதும். மதியம் முழுக்க நடித்துப் பார்ப்பது. அதில் தவறவிடக் கூடாத காட்சி ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் அடுத்த அறையிலிருந்து அம்மாவாக போன் செய்வார். முதலில் கேட்பார், பிறகு அழுவார், பிறகு "அவ அப்பாவுக்கு நெஞ்சுவலி சார், ஆஸ்பத்திரில கிடக்காரு, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்பார். எதிரில் இருப்பவர் "பத்திரமா இருக்காங்கம்மா, இதுக்கு மேல சொல்ல முடியாது" என்ற ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது அழுகையில் பலர் "எங்ககிட்டதாம்மா இருக்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, போனை வைக்கச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி நடத்த வேண்டும்.